இறாலும் நண்டும் ஒரே சஹனும்

 

கடல் வேட்டையை அல்லாஹுத்தஆலா நமக்கு ஆகுமாக்கியிருப்பதை அல்மாயிதா அத்தியாயம் 96-ஆவது வசனத்தில் காண்கிறோம். ஆகுமான அந்த உணவை வைத்தே நம் கலியாண விருந்துகளில் மனத்தாங்கல் உண்டாகலாமா?

காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாபிஈ; உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபி. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இரு சாராரும் ஒரே சஹனில் கை வைக்கிறோம். அதில் இறால் இருந்தால் பேச்சு முளைக்கிறது.

ஹனபி மத்ஹபில் கடற்பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும். நண்டும் சிப்பியும் ஆகா. இறாலில்தான் வழக்கு. அதற்கு முதுகெலும்பில்லை, கால்கள் பத்து, நண்டுக்கு உறவு. ஆகவே இக்கால உயிர்நூலார் அதை மீனென்று ஒப்பமாட்டார்கள். ஆனால் இமாம் தமீரி அதை மீனென்று எழுதியிருப்பதைக் கொண்டு மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) ஆகும் என்றார்கள். மறுத்த ஹனபி ஆலிம்களும் உண்டு. உண்பவரும் ஒதுக்குபவரும் ஆலிம்களின் சொல்லைத்தான் பற்றியிருக்கிறார்கள்.

ஷாபிஈ சகோதரர்கள் சிரிக்க வேண்டாம்! இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் தவளையோடு நண்டையும் சேர்த்து, நீரிலும் நிலத்திலும் வாழ்வதால் ஆகாது என்றார்கள். கயிற்றில் கட்டிய சதுப்பு நண்டு சந்தையில் நீரின்றி நாட்கணக்கில் உயிரோடிருப்பதைக் கண்டால் யாருக்கும் ஐயம் வரும். ஆனால் அது மூச்சு விடுவது செவுளால். செவுளில் தங்கிய ஈரத்தில்தான் தாக்குப்பிடிக்கிறது. பெண் நண்டு முட்டையிடக் கடலுக்கே போகிறது. 2002-இல் இந்நாட்டுத் தேசிய பத்வாக் குழு இந்நண்டை ஹலால் என்றது. கிள்ளான் துறைமுகத்துக்கெதிரே நண்டின் பேராலேயே பூலாவ் கெத்தாம் என்றொரு தீவுள்ள நாட்டில் இது சிறு விஷயமன்று.

நாயகம் (ஸல்) அவர்கள் உடும்பிறைச்சியைத் தாம் உண்ணவில்லை, ஹராமென்றும் சொல்லவில்லை. அதே விரிப்பில் காலித் இப்னு வலீத் (ரலி) உண்டார்கள். நாயகம் (ஸல்) பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரை ஏசவில்லை.

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இன்னொரு பேச்சு. பெலாச்சான் சிற்றிறாலில் செய்தது. சம்பலில் அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இறாலை ஒதுக்கும் ஹனபி அதை அறியாமல் உண்பார். இறால் உடலுக்கு ஒவ்வாதவருக்கோ தொண்டை வீங்கி மூச்சே நின்றுபோகக்கூடும். கெராங் சிப்பி நீரை உறிஞ்சி வடிகட்டி வாழ்வது. அழுக்கு நீரின் கிருமி அதனுள் தங்கும். அரைவேக்காட்டில் தின்றவருக்கு மஞ்சள் காமாலை வந்ததுண்டு. சரக்கின் குறையை மறைத்து விற்பது நமக்கு விலக்கப்பட்டதன்றோ? ஆகவே இறால் பொரித்த எண்ணெயில் மீனைப் போடாதீர்கள். கரண்டி வேறாக இருக்கட்டும். பெலாச்சான் சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, வந்தவர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். விருந்து வைப்பவர்கள் ஆட்டிறைச்சி மட்டும் வைத்த சஹன் சிலவற்றை ஒதுக்கி, பந்தியில் அமருமுன்பே எது எங்கே என்று அறிவித்துவிடுங்கள்.