காப்பு அவிழ்த்த பிறகு

கேள்வி: மாசித் திருவிழாவுக்குக் கரந்தமலைத் தீர்த்தம் எடுத்து, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, பூக்குழியும் இறங்கினேன். பதினைந்து நாளும் மனசு நிறைந்திருந்தது. காப்பை அவிழ்த்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கணவர் இல்லை. பிள்ளைகள் திருப்பூரில். நான் எதற்கு இருக்கிறேன் என்றே புரியவில்லை.
- வாசகி, நத்தம்

பதில்: அம்மா, அந்தப் பதினைந்து நாளும் விடியுமுன் குளித்தீர்கள், விரதச் சோறு சாப்பிட்டீர்கள். எதிர்ப்பட்டவரெல்லாம் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். திருவிழா முடிந்ததும் ஆத்தா ஊரைவிட்டுப் போய்விடவில்லை. மாசியோடு அவளை விட்டுவந்தது நீங்கள்தான்!

திலகவதியாரைப் பாருங்கள். திருவாமூரில் பிறந்தவர். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயமான பெண். கல்யாணத்துக்கு முன்பே தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் போனார். போருக்குப் போன கலிப்பகையாரும் திரும்பவில்லை. உயிரை விடத் துணிந்தவர், தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுததால் உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் வளர்ந்து சமணத்துக்குப் போய்விட்டார். இதைவிடத் தனிமை உண்டா?

திலகவதியார் திருவதிகை வீரட்டானத்துக்குப் போய் விளக்குமாற்றை எடுத்தார். இருட்டு விலகுமுன் கோயிலைக் கூட்டுவார், சாணமிட்டு மெழுகுவார், பூப்பறித்து மாலை தொடுப்பார். சூலைநோயில் துடித்த தம்பி ஓர் இரவில் வந்து காலில் விழுந்தார். திருநீறு தந்து அவரைக் கோயிலுக்கு அழைத்துப்போன அந்த வேளையிலும், கூட்டும் அலகையும் சாணத்தையும் தோண்டியையும் கையோடு எடுத்துக்கொண்டார் என்கிறார் சேக்கிழார். எனக்குப் பெரியபுராணத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். தம்பி திரும்பிவந்த நாளிலும் அன்றைய வேலை நிற்கவில்லை. அந்தத் தம்பி நமக்கு அப்பர் பெருமானாகக் கிடைத்தது அந்த விடியலில்தான்.

நாளைக் காலை மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். கும்பிட்ட கையோடு திரும்பிவிடாதீர்கள். பூக்கட்டவோ, பிரகாரம் கூட்டவோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். ஒருநாள் வராவிட்டால் ‘அந்த அம்மாவைக் காணோமே’ என்று தேட அங்கே நாலு பேர் இருப்பார்கள்.

கேள்வி: தனிமை உணர்வு நீங்க எந்தக் கல் பதித்த மோதிரம் போடலாம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: எந்தக் கல்லும் பேசாது, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவார், போய்க் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: மனசு எதிலும் ஒட்டவில்லை. தூக்கம் இல்லை. செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. டாக்டரிடம் போனால் தெய்வத்தை நம்பாததுபோல் ஆகுமா?
- வாசகர், சாணார்பட்டி

பதில்: யார் சொன்னது அப்படி? சிவனுக்கே வைத்தியநாதன் என்று பெயர் வைத்துக் கும்பிடும் கூட்டம் நாம். புள்ளிருக்குவேளூரில் அவன் மருத்துவனாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். திருநீறும் பூசுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள். அரசின் 104, 14416 ஆகிய உதவி எண்களில் இரவிலும் எடுப்பார்கள். அடுத்த இதழுக்காகக் காத்திருக்காதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள்.