யார் யாரிடம் போக வேண்டும்?

நடக்க முடியாதவரை அலையவிட்டுத்தான் உதவி தர முடியும் என்றால், அந்த உதவி யாருக்காக? தில்லியில் குடியிருக்கும் என்னை இந்தக் கேள்வி விடவே இல்லை.

சட்டம் தாராளமாகத்தான் பேசுகிறது. 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மற்றவர்களுக்கான உதவித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. ஆனால் அந்தச் சட்டத்துக்கும் பயனாளிக்கும் நடுவே ஊனச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று வரிசை கட்டி நிற்கின்றன.

வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஊனச் சான்றுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். பையனின் கால்கள் அவர் முழங்கால் வரை தொங்கின. “இன்னைக்கு மெடிக்கல் போர்டு உட்காராது, அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: “ஏன் சார், இவனப் பாத்தாலே தெரியலையா?” எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு அன்றைய கூலியும் போயிற்று.

2025 ஜூனில் தில்லி ஜங்புராவின் மதராசி கேம்ப் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் நகரின் வட கோடியிலுள்ள நரேலாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்கு முகவரி மாற்றம் என்பது பழகிய மருத்துவமனையை விட்டு விலகுவது. காகிதங்களை மறுபடி தேடுவது.

இணையம் வந்தால் அலைச்சல் தீரும் என்றார்கள். ஆனால் அமில வீச்சில் முகம் சிதைந்த பிரக்யா பிரசூனிடம், வங்கிக் கணக்கு தொடங்க கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. அவருடைய வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

போலிகளைத் தடுக்கத்தான் இத்தனை சோதனை என்பார்கள். போலிச் சான்று வாங்குகிறவருக்குப் பணமும் செல்வாக்கும் உண்டு. எந்த ஜன்னலில் யாரைப் பார்ப்பது என்றும் தெரியும். சோதனையில் சிக்கி நிற்பது உண்மையான ஊனத்தோடு வருகிற ஏழைதான். ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது அரசின் வேலை. அந்தப் பாரத்தை இவர்கள் தோளில் ஏற்றுவது நியாயமில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்றது தேர்தல் ஆணையம். விருப்பம் தெரிவித்தவர்களின் வீட்டுக்கு அதிகாரிகளே வாக்குச்சீட்டோடு போனார்கள். வாக்குக்காக வாசல்வரை வர முடிந்த அரசு, சான்றிதழ் கொடுக்கவும் மருத்துவரோடு வரட்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. குடிமக்களின் உரிமையாகக் கேட்கிறோம்.