கைதியின் தட்டும் வீட்டுச் சஹனும்

உணவைப் பற்றி அல்லாஹுதஆலா மனித குலத்துக்குக் கட்டளையிடும்போது இரண்டு சொற்களைச் சேர்த்தே கூறியிருக்கின்றான். ஒன்று ஹலால், மற்றொன்று தய்யிப். அருள்மறையின் சூரத்துல் பகரா 168-ஆம் வசனத்தில் இவ்விரண்டும் இணைந்து வருவதைக் காணலாம். ஹலால் என்பது மார்க்கம் ஆகுமாக்கியது. தய்யிப் என்பது தூயது, நல்லது, உடலுக்கும் உள்ளத்துக்கும் உகந்தது. நம்மவர்களில் பலர் முதற்சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். முறைப்படி அறுத்ததுதானா என்று கறிக்கடையில் கேட்கிறோம். அதே கறியை எத்தனை முறை காய்ந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

இவ்விரு சொற்களும் ஒருசேரச் சோதனைக்குள்ளாகும் ஒரு தொழில் உண்டு. அது சிறைக் காவலர் வேலை. திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் பனியன் தொழிலையே நம்பியிருப்பவை. எனினும் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் தேறி, இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகச் சேர்ந்த பிள்ளைகளும் நம்மிடையே இருக்கின்றனர். 1872-ல் ஏற்பட்ட கோவை மத்திய சிறை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

இந்த வேலையில் இருந்துகொண்டு மனைவி மக்களுக்கு நல்ல உணவு ஊட்டுவது எப்படி? மேலோட்டமாகப் பார்த்தால் இது நேரத்தைப் பற்றிய கேள்விதான். சற்று ஆழ்ந்து நோக்கினால், நம் வீட்டுச் சஹனையும் சிறைக்குள் இருப்பவனின் தட்டையும் ஒரு கயிறு பிணைத்திருப்பது தெரியும். அந்தக் கயிற்றின் பெயர் அமானிதம்.

இந்த ஊதியம் ஆகுமானதா?

இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சத்தியத்தை உரைத்ததற்காகச் சிறையிடப்பட்டிருந்தபோது, சிறைக் காவலர் ஒருவர் அவர்களிடம் வந்தார். அநியாயக்காரர்களுக்கு உதவுவோரை எச்சரிக்கும் ஹதீஸ்கள் சரியானவைதாமா என்று வினவினார். ஆம் என்றார்கள் இமாம். அப்படியானால் நான் அவர்களின் உதவியாளன்தானா என்று காவலர் கேட்க, உமக்கு உணவு சமைப்பவரும் உமது ஆடையைத் துவைப்பவருமே உதவியாளர். நீரோ அநியாயக்காரர்களில் ஒருவர் என்ற கருத்தில் இமாம் அவர்கள் விடையளித்ததாக வரலாறு கூறுகிறது.

இதைக் கேட்டதும் சிறைக் காவலர் வேலையே கூடாதோ என்று எவரும் கலங்க வேண்டாம். குற்றமற்றவரைக் கொடுமைப்படுத்திய ஓர் ஆட்சியின் காவலருக்குச் சொல்லப்பட்ட விடை அது. சிறை என்னும் ஏற்பாட்டை மார்க்கம் மறுக்கவில்லை. ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மக்காவில் ஸஃப்வான் இப்னு உமையாவின் வீடு சிறைச்சாலைக்காக விலைக்கு வாங்கப்பட்ட செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நீதிமன்றத்தின் ஆணைப்படி ஒருவனைக் காவலில் வைத்திருப்பதும், அதற்கு ஊதியம் பெறுவதும் ஆகுமானவையே. ஆனால் அநியாயம் அந்த வேலைக்குள் நுழையும்போது, அந்த ஊதியத்தில் வாங்கிய அரிசியிலும் அது நுழைந்துவிடுகிறது. இமாமவர்களின் விடையில் உணவு சமைப்பவரும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். காவலர் கையின் அழுக்கு அவர் வீட்டு அடுப்பங்கரை வரை வரும் என்பதல்லவா அதன் பொருள்!

அடைபட்டவனின் பசி

நல்லடியார்களின் பண்பைக் கூறும் சூரத்துத் தஹ்ர் 8-ஆம் வசனம், அவர்கள் உணவளிப்போர் மூவரைக் குறிப்பிடுகிறது: ஏழை, அநாதை, கைதி. ஏழையும் அநாதையும் ஒரு வாசல் இல்லாவிட்டால் மறு வாசலில் போய்க் கேட்கலாம். கைதிக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலின் சாவி காவலர் கையில் இருக்கிறது.

பத்ருப் போரில் பிடிபட்டவர்களை நன்கு நடத்துமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தம்மைக் காவலில் வைத்திருந்த அன்சாரிகள் ரொட்டியைத் தமக்குத் தந்துவிட்டு, தாங்கள் பேரீச்சம்பழத்தை உண்டதாக அந்தக் கைதிகளில் ஒருவரான அபூ அஸீஸ் பின்னாளில் நன்றியுடன் கூறினார். துமாமா இப்னு உஸால் என்பவர் மஸ்ஜிதுந் நபவியின் தூணில் கட்டப்பட்டிருந்தபோது, நபிமணி (ஸல்) அவர்கள் தம் வீட்டாரிடம் இருந்த உணவைத் திரட்டி அவருக்கு அனுப்பச் செய்தார்கள். காலையும் மாலையும் ஒட்டகப் பாலும் கொடுக்கச் செய்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக் தரும் வரலாற்றில் காண்கிறோம். நபியவர்களின் வீட்டு உணவும் கைதியின் உணவும் அன்று ஒன்றாகவே இருந்தன!

நம் ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள், கலீபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் சிறைவாசிகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றார்கள். ஒவ்வொரு கைதிக்கும் மாதம் பத்து திர்ஹம் கொடுக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவர் பெயர்ப் பட்டியல் வைத்து நேரில் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் ஆலோசனை. ரொட்டியாகக் கொடுக்கலாகாதா? அப்படிக் கொடுத்தால் சிறைக் காவலர்களே அதை எடுத்துக்கொள்வார்கள் என்று இமாம் அவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கின்றார்கள். ஹிஜ்ரி 182-ல் மறைந்த பெரியார் அவர்கள். மனித இயல்பை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள், பார்த்தீர்களா!

ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் நரகம் புகுந்த செய்தியை நாம் மிம்பரில் கேட்டிருக்கிறோம். தன் பொறுப்பில் இருப்பவரின் உணவைத் தடுத்து வைப்பது ஒன்றே ஒரு மனிதன் பாவியாவதற்குப் போதுமானது என்னும் கருத்தில் வரும் நபிமொழி முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. பூனைக்கே இப்படியென்றால் மனிதனுக்கு?

ஒரு முணுமுணுப்பும் அதற்கு விடையும்

“கொலை செய்தவனுக்கும் திருடினவனுக்கும் வேளை தவறாமல் சோறாம், கோழிக்கறியாம்! காவல் காக்கிற என் பிள்ளைக்கு ரேஷன் அரிசிதான்” என்று காவலர் வீடுகளில் பேச்சு எழுவதுண்டு. இந்த வேதனையை இகழ்ந்து தள்ளிவிட முடியாது. ஆனால் நீதிபதி விதித்த தண்டனை எது? வெளியே நடமாடும் உரிமையை இழப்பதுதான். பசி அந்தத் தீர்ப்பில் எழுதப்படவில்லை. எழுதப்படாத தண்டனையைத் தன் கையால் கூட்டுகிறவர் நீதிபதியின் இருக்கையைத் திருடுகிறார். மேலும், 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் அங்கே அடைபட்டால், மனு பார்க்க வருவதற்குக்கூட அவருக்கு ஆள் இருக்காது. அவருக்கு அந்தத் தட்டுச் சோற்றைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐக்கிய நாடுகள் சபை வகுத்து, 2015-ல் திருத்தி, நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிய விதிகளும் சத்தான உணவை உரிய வேளையில் கொடுக்கச் சொல்கின்றன. தண்டனை என்ற பெயரில் உணவையோ குடிநீரையோ குறைப்பதைத் தடுக்கின்றன. கோவைச் சிறையில்தான் 1908-ஆம் ஆண்டு முதல் அடைபட்டிருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் மாட்டைப் போலச் செக்கிழுக்க வைக்கப்பட்டார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. கட்டளையிட்டது மேலிடம், ஆனால் பூட்டியது ஒரு காவலரின் கை. அந்தக் கை அன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்குமல்லவா?

மடியில் வருவது

கைதியைப் பார்க்க வந்த உறவினர் “சார், பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுங்க” என்று ஒரு பழப்பையோ நோட்டோ நீட்டும்போது அது அன்பளிப்பாகத் தோன்றலாம். ஜகாத் வசூலிக்கச் சென்றுவந்த இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துச் சொன்னபோது, அவர் தம் தாய் தந்தையின் வீட்டில் அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் இருப்பவரைத் தேடி அந்தப் பழப்பை வருமா? வராதெனில் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு சத்துள்ள பழமாயினும் அது தய்யிப் ஆகாது.

வீட்டாரின் உரிமை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒரு காவலர் வீட்டுச் சகோதரி கேட்டார்: “ஹஜ்ரத், அவங்க பாரா முடிஞ்சு வர்றப்போ நான் கம்பெனிக்குக் கிளம்பியிருப்பேன். நான் ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வர்றப்போ அவங்க டியூட்டிக்குப் போயிருப்பாங்க. அடுப்பு ஒழுங்கா எரியறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாளெல்லாம் கடை புரோட்டாதான். இதுவும் ஹலால்தானே?”

ஹலால்தான். ஆனால் தய்யிப் என்னும் இரண்டாவது சொல் எங்கே போயிற்று?

இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த அபுத் தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உமது உடலுக்கும் உமது மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் அறிவுறுத்த, அதை நாயகம் (ஸல்) அவர்கள் மெய்யென்று ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்துக்காக விழிப்பவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஊதியத்துக்காக விழிப்பவர் சிந்திக்க வேண்டாமா?

உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இரவில் விழித்து, இரவில் உண்டால் அந்தக் கடிகாரம் தடுமாறுகிறது. நெடுநாள் இரவுப் பணி செய்வோருக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாக வருவதை மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இரவுப் பாராவில் டீ, வடை, மீண்டும் டீ; விடிந்ததும் வயிறு நிறையப் புரோட்டா; பிறகு உறக்கம். இது உடல் என்னும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

பணி நேரத்தை மாற்றுவது காவலரின் கையில் இல்லை. ஆனால் சில காரியங்கள் அவர் கையில்தான் இருக்கின்றன. இரவுப் பணி வாரத்தில் அஸருக்குப் பின் வீட்டிலேயே முழுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். பாராவுக்குச் சுண்டலும் மோரும் கொண்டு செல்லலாம். சுபுஹுக்குப் பின் இலேசாக உண்டு உறங்கலாம். பகலில் வீட்டில் இருக்கும் நாளில், மனைவி கம்பெனியிலிருந்து திரும்புமுன் அவரே அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு சோறும், கொள்ளு ரசமும் வைத்துவிடலாம். ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போவதா என்று எவரேனும் நகைத்தால், நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை எடுத்துச் சொல்லுங்கள்.

சிறைக்குப் போவதைக் களி தின்பது என்று நம் ஊரில் ஏளனமாகச் சொல்வார்கள். அந்த ராகிக் களிதான் கொங்கு நாட்டு உழவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய உணவு. சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் நிறைந்தது. மைதா மாவுப் புரோட்டாவைக் கௌரவமென்றும் களியைக் கேவலமென்றும் நினைப்பது நம் பேதைமை. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் சலித்த வெண்மாவையே அறியாமல், வாற்கோதுமையை அரைத்து உமியை ஊதிவிட்டு உண்டதை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ந்து உண்ணுங்கள். உண்கிறோம், ஆனால் வயிறு நிறைவதில்லை என்று முறையிட்டவர்களிடம், தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று வினவிய நபிமணி (ஸல்) அவர்கள், ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுமாறும் அதில் பரக்கத் உண்டென்றும் அருளினார்கள். நாள்தோறும் இயலாவிட்டால் வாரத்தில் மூன்று வேளையாவது ஒரே சஹனைச் சுற்றி வீட்டார் அனைவரும் அமரட்டும். அதற்காக ஒன்றரை ஷிப்டை ஒரு நாள் ஒரு ஷிப்டாகக் குறைக்க நேர்ந்தால், சனிக்கிழமைச் சம்பளத்தில் குறைவது சில நூறு ரூபாய். வீட்டுக்குள் வருவதோ பரக்கத்.

அன்பிற்குரிய சகோதரர்களே, உள்ளே இருப்பவனுக்கு உரிய சோற்றை உரிய அளவில் உரிய வேளையில் சேர்ப்பித்துவிட்டு வருகின்ற கை, வீட்டில் பிஸ்மி சொல்லிச் சஹனில் படியும்போது எவ்விதக் கூச்சமும் அடைய வேண்டியதில்லை. உள்ளே நீதியாக நடந்துவிட்டு வீட்டாரைப் புரோட்டாக் கடைக்கு ஒப்படைத்தவர் அமானிதத்தில் பாதியைத்தான் நிறைவேற்றினார். வீட்டாருக்கு விதவிதமாக ஆக்கிப்போட்டுக் கைதியின் தட்டில் கைவைத்தவரோ இரண்டையும் இழந்தார்.

ஹலாலையும் தய்யிபையும் ஒருசேர நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அல்லாஹுதஆலா அருள்வானாக! காவல் காப்போருக்கு நீதியையும், காவலில் இருப்போருக்கு விடுதலையையும் நேர்வழியையும் நல்குவானாக! ஆமீன்.