ஈந்த கையும் இடித்த கையும்

சென்ற தை மாதத்தில் நம் குடும்பத்தார் ஒன்றுகூடி ஒரு முடிவு செய்தனர். நம் தந்தையாரைப் பெற்ற பாட்டியாரின் நினைவாக, வந்தவாசிக்கு அருகிலுள்ள நம் சொந்த ஊர் ஜினாலயத்தின் உணவுக்கூடத்தைப் புதுப்பித்துத் தருவது. அதன் சுவரில் அவர் பெயர் பொறித்த கல்லொன்றைப் பதிப்பது. பேரன் பேத்தியர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அவற்றுக்கு அப்பாலும் வாழ்கின்றனர். அனைவரும் மனமுவந்து பொருள் அளித்தனர். கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தை எழுதித்தரும் பணி, நாற்பதாண்டுகள் கரும்பலகையில் எழுதிய பழக்கத்தை முன்னிட்டு, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கே வரிகள். அவற்றை எழுத நமக்கு ஐந்து மாதங்களாயின. ஏன் இத்தனை காலம் என்று கேட்ட உறவினர்க்கு அப்போது விடை கூறவில்லை. இங்கே கூற முயல்கிறோம்.

பாட்டியாரை நேரில் அறிந்தவர் இன்று ஒரு சிலரே. அவர் காலத்தில் நம் வீட்டில் நாள்தோறும் இருபது பேர்க்குக் குறையாமல் உண்பர். பிள்ளைப்பேற்றுக்கு வந்த நாத்திமார், அவர்தம் பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளியில் படிக்கவென்று வந்து தங்கிய உறவுச் சிறுவர்கள், வழிப்போக்கர், களத்து வேலையாட்கள் என யார் வந்தாலும் இலை உண்டு. நெல் அளந்து கொடுக்கும்போது மரக்காலைத் தலைதட்டி அளக்க மாட்டார். கூம்பாகக் குவிந்து வழியவே அளப்பார். 1966இல் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, குதிரிலிருந்த கேழ்வரகை எடுத்துக் கூழாகக் காய்ச்சி, அடுப்பெரியாத வீடுகளுக்குப் பொழுது விடிந்ததும் அனுப்பினார். கேட்கத் தயங்குவோரை முகம் பார்த்தே அறிவார். “கேக்க வெச்சிக் குடுத்தா அது கடன் குடுத்த மாதிரி” என்பது அவர் அடிக்கடி கூறும் சொல். தாம் உண்ண அமருமுன் வாயிற்படி வரை சென்று, தெருவில் எவரேனும் வருகின்றனரா என ஒருமுறை பார்த்துவிட்டே திரும்புவார். விருந்தினர்க்குப் பகுத்து உண்ணும் சிராவக விரதத்தை அவர் ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர். அவர்க்குக் கையெழுத்து மட்டுமே போடத் தெரியும்.

கல்லுக்கென்று நம் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் எழுதியனுப்பிய முதற்படியில், “அனைவரையும் உண்பித்துத் தாம் கடைசியில் உண்ட அன்னை” என்றொரு வரி இருந்தது. உறவினர் எல்லோரும் நாள்தோறும் சொல்லிவந்த வரிதான் அது. ஆயினும் அதைப் பெயர்த்தெழுதும்போது நம் கை நின்றுவிட்டது. அவ்வரி உண்மையன்று. பாட்டியார்க்குப் பின் உண்டவர் ஒருவர் அவ்வீட்டில் இருந்தார்.

அவரைச் சின்னப் பாட்டி என்று அழைப்போம். பாட்டனாருடைய தம்பியின் மனைவி. கணவர் 1931இல் நச்சுக்காய்ச்சலில் மாண்டபோது அவர்க்கு வயது பதினாறு, மகப்பேறு இல்லை. பாகம் பிரியாத குடும்பம் ஆதலால், கணவர்க்குரிய பங்கு அக்கால வழக்கப்படி அண்ணனிடமே நின்றது. கைம்பெண்களுக்குக் கணவர் பங்கில் உரிமை தந்த சட்டம் 1937இல்தான் வந்தது. அதுவும் அதற்குப்பின் இறந்தோரின் மனைவியர்க்கே பயன்பட்டது. ஆறாண்டு முந்திக் கணவரை இழந்தமையால் சின்னப் பாட்டிக்குக் கிட்டியவை சோறும் துணியும் சமையலறையை ஒட்டிய ஓர் உள்ளும்.

நம் வீடுகளின் அகிம்சை எத்தகைய உழைப்பால் ஆனது என்பதை இளையோர் அறிய மாட்டார்கள். கிணற்று நீரை இரட்டையாய் மடித்த துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டியபின் அத்துணியை அலசி, அதில் தங்கிய சிற்றுயிர்கள் பிழைக்குமாறு அந்நீரை அதே கிணற்றில் விட வேண்டும். விறகை ஒவ்வொன்றாய்த் தரையில் தட்டி, எறும்பும் பூச்சியும் இல்லை என்று கண்டபின்னரே அடுப்பில் வைக்க வேண்டும். தானியத்தை வெளிச்சத்தில் பரப்பிப் பொறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதிரவன் மறையுமுன் அனைவரும் உண்டு முடித்தாக வேண்டும். இவற்றையெல்லாம் செய்தவர் சின்னப் பாட்டி. நெல் குத்தியதும் மாவு அரைத்ததும் அவரே. பாட்டியார் கூம்பாக அளந்த அரிசியின் ஒவ்வொரு மணியும் முதலில் அவருடைய உலக்கையின்கீழ் இருந்தது.

மாலை உணவின்போது நிகழ்ந்ததை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அன்று அதன் பொருள் விளங்கவில்லை. ஆடவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, விருந்தினர் உண்டு, பாட்டியார் உண்டு முடிப்பதற்குள் சில நாட்களில் பொழுது சாய்ந்துவிடும். சின்னப் பாட்டி முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார். ஒளி போய்விட்டதென்றால் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படுக்கச் செல்வார். மார்கழி, தை மாதங்களில் இது மிகுதி. வீட்டில் இருந்தோர் அதை எவ்வாறு கூறினர் தெரியுமா? “அவங்களுக்கு இன்னிக்கு உபவாசம்” என்றனர். ஊராரும் அவரைப் பெரிய விரதக்காரி என்று புகழ்ந்தனர். நாமும் பள்ளித் தோழியரிடம் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டோம். மேற்கொண்ட நோன்பிற்கும் கிட்டாத சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவரும் அவரிடம் கேட்டறியவில்லை. அவரும் கூறவில்லை.

இனி நம் கணக்கு. 1966இல் பள்ளி இறுதித் தேர்வு எழுதியபின், ஆசிரியப் பயிற்சியில் சேர நமக்கு இடம் கிடைத்தது. பெண்பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்க வைப்பதா என்று தந்தையார் தயங்கினார். பணமும் இல்லாத ஆண்டு அது. பாட்டியார்தாம் “அவ படிக்கட்டும்” என்று ஒரே சொல்லில் முடித்து, வந்தவாசிக் கடைத்தெருவில் இரண்டு இணைப் பொன் வளையல்களை விற்றுப் பணம் தந்தார். அந்த ஈகையின்மேல்தான் நம் வாழ்க்கை முழுவதும் எழுந்தது. 1968இல் வேலை கிடைத்ததும் முதல் மாதச் சம்பளத்தில் பாட்டியார்க்கு ஒரு கைத்தறிப் புடவை வாங்கிச் சென்றோம். சின்னப் பாட்டி அதன் கரையைத் தடவிப் பார்த்து, “நல்ல கெட்டி நூலு” என்று கூறி மடித்து வைத்தார். அவர் 1984இல் மறைந்தார். அதற்கடுத்த ஆண்டில், ஒரு நாள் பருப்பு புடைத்துக்கொண்டே நம் தாயார் பேச்சுவாக்கில் சொன்னார்: அவ்வளையல்கள் பாட்டியாருடையவை அல்ல, சின்னப் பாட்டி பதினாறாம் வயதில் கழற்றிக் கொடுத்தவை, பாட்டியாரின் பெட்டியில் இருந்தவை.

விற்குமுன் சின்னப் பாட்டியைக் கேட்டார்களா? தாயார்க்குத் தெரியவில்லை. அறிந்த மூவரும் அதற்குள் போய்விட்டனர்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும் வினை சேரும் என்பது நம் சமயம் கூறும் கணக்கு. தீவினைக்கு மட்டுமன்றி நல்வினைக்கும் இது பொருந்தும். வச்சிரசங்கனும் ஸ்ரீமதியும் காட்டில் முனிவர் இருவர்க்கு உணவளித்ததை, புலியும் பன்றியும் குரங்கும் கீரியும் ஓரமாய் நின்று பார்த்து உள்ளம் மகிழ்ந்தன. அம்மகிழ்ச்சி ஒன்றினாலேயே அவையும் தானத்தின் பயனைப் பெற்றன என்கிறது ஜினசேனரின் ஆதிபுராணம். அக்கதையைச் சிறுவயதில் கேட்டபோது விலங்குகள்பால் இத்தனைக் கருணையா என வியந்தோம். இப்போது எண்ணுங்கால் வேறொன்று தோன்றுகிறது. ஓரத்தில் நின்ற கீரியையும் கணக்கில் சேர்க்கும் மரபில் பிறந்த நாம், சமையலறையில் நின்றவரை எவ்வாறு விட்டுவிட்டோம்?

இன்னொன்றும் உண்டு. உரல், திருகை, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் ஆகிய ஐந்தினாலும் இல்லத்தில் நாள்தோறும் உயிர்க்கொலை நேர்கிறது என்பர் பெரியோர். இல்லறத் தொழில்களால் சேரும் வினையை, வீடு துறந்தோர்க்கு அளிக்கும் உணவு கழுவும் என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உரைக்கிறார். நம் வீட்டிலோ அந்த ஐந்தையும் கையாண்டவர் ஒருவர்; முனிவர் வந்தபோது முன்னின்று உணவு ஏந்தியவர் மற்றொருவர். கைம்பெண் முன்வரலாகாது என்று அவரை உள்ளே நிறுத்தினர். இது ஆகமம் சொல்லியதன்று, ஊர்வழக்கு சொல்லியது. இடித்த வினை ஒருவர்க்கும் ஈந்த பயன் ஒருவர்க்குமாகப் பிரித்துவைத்தது எந்த நீதி?

இவ்வாறெல்லாம் எழுதுவதால் பாட்டியாரைக் குறைகூறுவதாக எவரும் எண்ண வேண்டா. நிலம் பாட்டனாருடையது, பாட்டியார் கையில் இருந்தது சாவிக்கொத்து மட்டுமே. அவரும் வாழ்க்கைப்பட்டு அந்தச் சமையலறைக்குள் வந்தவர்தாம். ஒவ்வொரு மரக்கால் நெல்லுக்கும் பாட்டனாரின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையிலும் அவர் அவ்வளவு அள்ளிக் கொடுத்தாரே, அத்துணிவு எளியதன்று. பசித்தவர் முகத்தைத் தெருக்கோடியிலேயே கண்டறிந்த கண் அது. அக்கண்ணுக்கு வீட்டிற்குள் இருந்த முகம் தெரியாமல் போனதே என்பதுதான் நம் கேள்வி. அருகில் இருப்பவரை நாம் நம்மின் ஒரு பகுதியாகவே கருதிவிடுகிறோம். தம் கைக்குச் சோறிட வேண்டும் என்று யார் நினைப்பார்?

“சின்னப் பாட்டி விரும்பித்தானே செய்தார்? ஒரு நாளும் முகம் சுளித்ததில்லையே?” என்று தம்பி தொலைபேசியில் கேட்டார். நாம் பயிற்சி பெற்ற நாளில், வகுப்பில் ஒரு போதும் வாய் திறவாத குழந்தையை ‘நல்ல பிள்ளை’ என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள், அருகில் சென்று கேளுங்கள் என்று எங்களுக்குக் கற்பித்தனர். நாற்பதாண்டுகள் பிறர் பிள்ளைகளிடம் அவ்வாறு கேட்டோம். நம் வீட்டில் கேட்கவில்லை. மறுக்க இடமில்லாத ஒருவர் செய்வதை விருப்பம் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. வெறுப்பு என்று கூறவும் சான்றில்லை. அவ்வளையல்களை அவர் மகிழ்ந்தே தந்திருக்கவும் கூடும்.

போளூர் அருகே திருமலையில், இராசராச சோழனின் தமக்கை பெயரால் விளங்கும் குந்தவை ஜினாலயத்திற்கு நம்முள் பலர் சென்றிருப்போம். அங்குள்ள பாறையில், இராசேந்திர சோழன் காலத்தில் வணிகர் ஒருவரின் மனைவி நந்தாவிளக்கிற்கு இருபது காசும் திருவமுதிற்குப் பத்துக் காசும் அளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளாகியும் அப்பெண்மணியின் ஈகை அழியவில்லை, மகிழ்ச்சியே. மாலைதோறும் படியேறி அவ்விளக்கிற்கு நெய் வார்த்தது யார், அமுதுக்கு அரிசி குற்றியது யார் என்று அங்கு நின்றபோது எண்ணிக்கொண்டோம்.

பாட்டியாரின் கடைசி மாதங்களைக் கூறாமல் விடுவது அவர்க்குச் செய்யும் அநீதியாகும். 1972 கோடை விடுமுறையில் சென்றபோது அவர் எழுந்து நடமாட இயலாமல் படுத்திருந்தார். பணிவிடை செய்தவர் சின்னப் பாட்டியே. பிற்பகல் கழிந்ததும் பாட்டியார், சாளரத்தின் வழியே விழுந்த வெயில் சுவரில் மேலேறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். சின்னப் பாட்டி கஞ்சியுடன் வந்து அமர்ந்தால் வாயைத் திறவார். “நீ முதல்ல சாப்புடு” என்பார். “நான் அப்புறம் சாப்புடறேன், அக்கா” என்றால், உதடுகளை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். வேறு வழியின்றிச் சின்னப் பாட்டி தட்டில் சோறிட்டுக்கொண்டு வந்து கட்டிலருகே அமர்ந்து உண்பார். ஒவ்வொரு கவளமும் உள்ளே செல்வதைப் பாட்டியார் பார்த்துக்கொண்டே இருப்பார். தட்டு காலியான பிறகே தம் வாயைத் திறப்பார். நாம் அங்கிருந்த நாட்களில் ஒரு மாலைகூட இது தவறவில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசிக் கேட்டதில்லை. நாற்பதாண்டுக் கணக்கிற்கு இது பிரதிக்கிரமணம் ஆகுமா? அளந்து கூற நம்மிடம் மரக்கால் இல்லை.

கல்லுக்கான வாசகத்தை எழுதி அனுப்பிவிட்டோம். கடைசியில் உண்டவர் என்ற வரியை நீக்கினோம். பெயர்கள் இரண்டு; ஒரே அளவு எழுத்து; ஒன்றன்கீழ் ஒன்றாக அன்றி, ஒரே வரியில். மகவு இல்லாதவர் பெயரைப் பொறித்தால் யார் வழி என்று பார்ப்போர் கேட்பார்களே என்று தம்பி தயங்குகிறார். அவர் விடை இன்னும் வரவில்லை. நம் வழி என்று எழுதுங்கள் என்று அவர்க்கு மறுபடியும் ஓர் அஞ்சல் எழுதியிருக்கிறோம்.

1979இல் சின்னப் பாட்டியை நாம் பணிபுரிந்த ஊருக்கு அழைத்துவந்து ஒரு மாதம் வைத்திருந்தோம். நால்வரே உள்ள சிறு குடும்பம். பள்ளி விட்டு வந்து ஐந்தரை மணிக்கெல்லாம் தட்டு வைத்துவிடுவோம். அவர் மட்டும் அடுக்களை நிலைப்படியில் சாய்ந்தபடி நிற்பார். உட்காருங்கள் சின்னப் பாட்டி என்று கையைப் பிடித்து இழுப்போம். எதிர்வீட்டுச் சுவரில் இருந்த வெளிச்சத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் சொல்வார்: “நீங்கள்ளாம் சாப்புடுங்க. பொழுது இன்னும் கெடக்குது.”