தாய் கொடுக்கும் முதல்

அன்புள்ள வியாபாரச் சகோதரர்களே!

லுக்மான் சூராவின் 14-ஆம் ஆயத்தில், தாய் படும் பலவீனத்தையும் இரண்டாண்டுப் பாலூட்டலையும் அல்லாஹுதஆலா சேர்த்தே நினைவூட்டுகிறான். சுமக்கும்போது பலவீனம் சரி, பாலூட்டும்போது என்ன பலவீனம் என்று கேட்பவர் நம்மில் உண்டு.

கேளுங்கள். நம் கழுத்தில் பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்திலே சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பது அவற்றின் ஹார்மோன். அதைப் போன்ற ஒரு புரதத்தை 1987-இல் விஞ்ஞானிகள் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டார்கள். 1989-இல் பார்த்தால், தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் அதே புரதம், இரத்தத்தில் உள்ளதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு! பாலூட்டும் மார்பே அதை உண்டாக்குகிறது. அது தாயின் இரத்தத்தில் கலந்து, எலும்பைக் கரைத்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துப் பாலுக்கு அனுப்புகிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிகிராம் பாலில் போகும். ஆறு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறையும். வரவிலிருந்தல்ல, முதலிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறாள் அந்த உம்மா! பால் மறந்தபின் பெரும்பாலோருக்கு அம்முதல் திரும்பிவிடுகிறது. இது ரப்பின் ரஹ்மத்.

பகரா சூராவின் 233-ஆம் ஆயத்தில், பாலூட்டுபவளுக்கு உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு. நாமோ பந்தாங் என்று சொல்லி மீனையும் கீரையையும் அவள் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம். இந்த எலும்பு இழப்பை உணவு முழுதும் தடுக்காதுதான். அதற்காக அவளைப் பட்டினி போடலாமா?

பசும்பாலிலும் அதே புரதமிருக்க, இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். பசுவின் பால் கன்றுக்கானது. மொத்தப் புரதம் தாய்ப்பாலைப்போல் மூன்று மடங்கு. ஷரீஅத்திலும், ஒரு தாயிடம் பால்குடித்த அந்நியப் பிள்ளைகள் உடன்பிறப்பாவார்கள். ஒரே பசுவின் பாலைக் குடித்தவர்கள் ஆவதில்லை.

டின்பாலோ இன்னும் தூரம். அக்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சர்க்கரை சேர்த்த டின்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தார்கள், விளம்பரத்தை நம்பி. 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அதைக் கொலை என்றே பேசினார். பேச்சின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. இன்று நம் தட்டிலுள்ள டின்களில் பல, பாலுங்கூட அல்ல. செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரிமர். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹராம் என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம்.

ஆகவே டின் கேட்டு வரும் பெண்ணிடம் கைப்பிள்ளை இருந்தால், தேத்தண்ணிக்கா பிள்ளைக்கா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைக்கென்றால் கொடுக்காதீர்கள். பால் சுரக்கவில்லை என்றால், தாய்சேய் நல கிளினிக்கில் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.