பொய் நோட்டும் சாட்சிக் கையெழுத்தும்



சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ திருச்செங்கோட்டிலோ ஒருவர் "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்" என்றால் உமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 1906-ம் வருஷம் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். முதலாளி ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அதையெல்லாம் எளிதாய்த் திட்டிவிடுகிறோம். இங்கே கேட்பது சின்னக் கேள்வி.

திவாலாகப் போகிறவர், மச்சினன் பெயருக்குப் பழைய தேதியிட்டு ஒரு லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதி, உம்மிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறார். (நோட்டுக்குச் சாட்சி வேண்டுமென்று சட்டம் கேட்பதில்லை, ஊர் வழக்கம் கேட்கிறது.) நீர் காசு வாங்கவில்லை, சிநேகிதத்துக்காகப் போடுகிறீர். இதில் பாவம் என்ன?

கணக்குப் பாரும். மெய்யான கடன் ஒரு லட்சம், விற்ற சொத்து 25,000. ரிசீவர் செலவைத் தள்ளிவிட்டால், 1920-ம் வருஷத்து இன்சால்வென்சி சட்டப்படி சாதாரணமாய்க் கடன் கொடுத்தவர்களுக்குச் சமவிகிதமாக ரூபாய்க்கு 25 பைசா. உமது கையெழுத்தால் கடன் இரண்டு லட்சமாகிறது. பங்கோ பன்னிரண்டரைப் பைசா. நூல் கொடுத்த வியாபாரி தாங்குவார். கூலி பாக்கியல்ல, கைமாற்றாக 4,000 கொடுத்திருந்த தறிக்காரருக்கு 1,000 வரவேண்டியது 500 ஆகிறது. மீதியைக் கொண்டுபோனவன் மச்சினன். கதவைத் திறந்துவிட்டவர் நீர்.

"கோர்ட்டே விடுதலை கொடுத்துவிட்டதே" என்பார் சிலர். மோசடியால் உண்டான கடனை அந்தச் சட்டமே விடுவிப்பதில்லை. நேர்மையாய் நொடித்தவன் வேறு, அவனை ஏசுவது அநியாயம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால்? பங்கு பிரியுமுன் ரிசீவரிடம் போய் உண்மையைச் சொல்லும். பிரிந்துவிட்டதென்றால், மச்சினன் திருப்பித் தராத பட்சத்தில் அந்த 500 உம் தலையில்தான். தறிக்காரர் வீடு உமக்குத் தெரியும்.