மலையடிவாரத்தில் நின்ற தந்தை

ஆகஸ்டு 6, ஆண்டவரின் தோற்ற மாற்ற விழா. 2001-ஆம் ஆண்டு அதே நாளில், பொழுது விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே உறங்கியவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அன்று காலைத் திருப்பலியில் மலைமீது தோன்றிய ஒளியைப் பற்றி மறையுரை ஆற்றிய குருக்களுள் நானும் ஒருவன். செய்தி பிற்பகலில்தான் வந்தது.

அதுமுதல் அவ்விழாவை மலையுச்சியோடு முடிக்க என்னால் இயலவில்லை. மாற்கு நற்செய்தியாளரும் அங்கே முடிக்கவில்லை. இயேசு இறங்கி வருகிறார். கீழே ஒரு தந்தை, நெருப்பிலும் நீரிலும் விழுந்துவிடும் தம் மகனோடு நிற்கிறார். சீடர்களால் அவனைக் குணப்படுத்த முடியவில்லை. மறைநூல் அறிஞரோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அத்தந்தை உதவி கேட்கும்போது மகனுக்காக மட்டும் கேட்கவில்லை. தம்மையும் சேர்த்தே கேட்கிறார். ஒருவனுக்கு வந்த நோய் வீடு முழுவதையும் படுக்கையில் தள்ளிவிடுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஏர்வாடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களும் இத்தகைய பெற்றோரே. அங்குள்ள தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் சென்றனர். நம் திருத்தலங்கள் சிலவற்றிலும் மனநோயாளிகள் விலங்கோடு கிடந்தது உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மகனைச் சங்கிலிக்கு ஒப்புக்கொடுத்த தந்தை பாவம் செய்தாரா? ஒரு செயலுக்கான பொறுப்பு, செய்தவரின் அறிவையும் சுதந்திரத்தையும் பொறுத்துக் கூடும், குறையும் என்பது அறநெறி இறையியலின் பாலபாடம். எட்டும் தொலைவில் மருத்துவர் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற நிலையில் இருந்தவரிடம் எவ்வளவு சுதந்திரம் மிஞ்சியிருந்தது? அவர் தோளிலிருந்து இறங்கும் பொறுப்பு காற்றில் கரைந்துவிடுவதில்லை. வேறு வழியைத் திறந்து வைத்திருக்கக் கூடியவர்களிடம் அது வந்து சேர்கிறது.

சட்டமே இல்லாததால் அந்த 28 பேரும் இறக்கவில்லை. மனநலக் காப்பகங்கள் உரிமம் பெற்றே நடக்க வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டமும் 1996-இல் நாட்டில் சில மாவட்டங்களில் தொடங்கியிருந்தது. எழுத்து இருந்தது, ஏர்வாடியில் அதற்கு உடல் இல்லை.

இன்றுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. சங்கிலியிடுவதை அதன் 95-ஆம் பிரிவு எவ்வகையிலும் கூடாதென்று தடுக்கிறது. நம் வாசகர்கள் 18-ஆம் பிரிவையும் அறிந்திருக்க வேண்டும். அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அது. குறைந்தபட்சச் சேவைகள் மாவட்டத்தில் இல்லையெனில், அங்கேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும். இதற்கெல்லாம் போதிய நிதியை வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவதும் அதே பிரிவு அரசுக்கு விதிக்கும் கடமை. ஆனால் சட்டம் இயற்றியது நாடாளுமன்றம். மருத்துவமனைகளோ அரசமைப்பின்படி மாநிலத்தின் பொறுப்பு. இந்த இடைவெளியில்தான் மாத்திரைகள் காணாமற் போகின்றன.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என் பங்கில் ஒரு தாய் மாதந்தோறும் இரண்டு பேருந்து மாறி, மகனுக்கு மாத்திரை வாங்க அரசு மருத்துவமனை சென்று வருகிறார். ஒருமுறை இருப்பு இல்லை, அடுத்த மாதம் வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்நோய்க்கான மருந்தை ஒரு மாதம் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டின் உடைந்த கதவு சொல்லும். வின்சென்ட் தே பவுல் சபையினர் வெளிக்கடையில் வாங்கிக் கொடுத்தனர். அப்போது முதிய உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "சாமி, இதை நாம் தருமமாகக் கொடுக்கிறோமா, அரசு கொடுக்கவேண்டியதை நாம் கொடுக்கிறோமா?"

நல்ல கேள்வி. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய சங்க ஏடு (1965) தன் 8-ஆம் எண்ணில் இதைத் தொடுகிறது: நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை அன்பின் கொடையென்று நீட்டிவிடக் கூடாது, முதலில் நீதியின் கடன் தீர வேண்டும் என்பது அதன் கருத்து. திருத்தந்தை 23-ஆம் யோவானும் 1963-இல் எழுதிய சுற்றுமடலில் மருத்துவப் பராமரிப்பை மனித உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார். ஆகவே மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அரசு தரட்டும் என்று கைகட்டி நிற்கவும் சொல்லவில்லை, நோய் காத்திருக்காதே. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம் என்றேன்.

அன்பியக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. செபமாலை சொல்லலாம், காணிக்கை எடுக்கலாம், மனு என்றால் அரசியல் ஆகிவிடும் என்றனர் சிலர். அதைவிடக் கடினமானது வேறொன்று. அந்தத் தாயே கையெழுத்திட மறுத்தார். மூத்த மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வீட்டில் நோய் இருப்பது எழுத்தில் வரக்கூடாது. உரிமையைக் கேட்க வேண்டியவரின் வாயை அடைத்தது அரசன்று, நாம்தான். பெண் பார்க்க வருமுன் அவ்வீட்டைப் பற்றி விசாரித்து வைக்கும் நாம்.

அவரது பெயரில்லாமலே மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது அந்த முதியவருடையது. கீழே பதினொரு பேர். அடுத்த மாதம் மாத்திரை வந்தது. அதற்கடுத்த மாதம் மீண்டும் இல்லை. மீண்டும் எழுதினோம், இம்முறை பத்தொன்பது பேர்.